ஐந்து வயது அளவு

விசா எடுத்துக்கொடுத்த கம்பெனியைத் தவிர லண்டனில் வேறெங்கும் நான் வேலை செய்யக் கூடாது. தெரிந்தேதான் சனிக்கிழமைகளில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். சோதனையில் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டார்கள்; திரும்பிப் போகவும் தடை. நர்ஸாக இருக்கும் மனைவியும் அப்போது மூன்று வயதான மகளும் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இரண்டு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. போன வாரம் லண்டனுக்குக் குழந்தைகள் சட்டை போனது. ஐந்து வயது அளவில் ஒன்றை விரித்து, மகளுக்குச் சேருமா என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

“என்னங்க, கையில வெச்சுட்டே நிக்கறீங்க? வண்டி வந்துருச்சுங்க,” என்றார் சூப்பர்வைசர். மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அன்று மாலை வீடியோ காலில் மகளிடம், “கண்ணு, எவ்வளவு வளந்துட்டேன்னு அப்பாவுக்குக் காட்டு,” என்றேன். சட்டென்று எழுந்து நின்றாள்.

திரையில் இடுப்பு மட்டும்தான் தெரிந்தது. முகம் மேலே எங்கோ போய்விட்டது.