பாசி மேடத்தின் சேர்க்கை மேஜை

அந்த அரசு மகளிர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி. மற்ற எல்லோருக்கும் அவர் பாசி மேடம்தான். தண்ணீர்த் தொட்டி, குழாயடி, குளியலறைச் சுவர் என்று எங்கே பச்சையாக எது படிந்திருந்தாலும் கொஞ்சம் சுரண்டி எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுத் தொட்டியைச் சுரண்டப்போய், மருமகள் ரொம்பச் சுத்தக்காரி என்று பெயர் வாங்கியவர்.

அவருடைய துறை என்பது ஒரே ஓர் அறை. மழை பெய்தால் கூரைக்கு அடியில் வாளி வைக்க வேண்டும். இருக்கிற மைக்ராஸ்கோப்புகளில் ஒன்றுதான் உருப்படி. அதன்முன் பெண்கள் வரிசையில் நின்று, ஆளுக்கொரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு நகர்வார்கள். கூரையைச் சரிசெய்யச் சொல்லி, புதுக் கருவிகள் வேண்டி, வந்த பிரின்சிபால் ஒவ்வொருவரிடமும் மேடம் கேட்டுப் பார்த்துவிட்டார். "பார்க்கலாம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தது.

அப்படிப்பட்டவரிடம், அரசாங்கம் உயர்கல்வியில் பணத்தைக் கொட்டப்போகிறது, கல்லூரிக்குப் புதுக் கட்டடமும் புது ஆய்வகங்களும் வருகின்றன என்று சொன்னால் கால் தரையில் நிற்குமா? அஸ்திவாரம் தோண்டும்போதே கொத்தனாரைப் பிடித்து, கை கழுவும் தொட்டி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பாடம் எடுத்தார். அந்த மனிதர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் சேர்க்கை நடக்கும் நாட்களில், எந்தப் பாடம் எடுப்பது என்று முழிக்கிற பெண்களுக்கு வழிகாட்ட வாசல் பக்கம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று விசாரிப்பார். கஷ்டப்படுகிற வீடு என்று தெரிந்தால், தாவரவியல்தான் வேண்டும் என்று வந்து நிற்கிற பெண்ணைக்கூட விடமாட்டார்.

"இதைப் படிச்சிட்டு உடனே வேலை கிடைக்காதும்மா. பேசாம வணிகவியல் எடு. வீட்டுக்கு ஒரு வழி பண்ணு, பாசியை அப்புறமா என்கிட்ட வந்து பார்த்துக்கலாம்."

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கணவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "நீ மட்டும் என் கடையில உட்கார்ந்தா, வர்றவங்களையெல்லாம் எதிர்க்கடைக்கு அனுப்பிட்டு ஈ ஓட்டிட்டிருப்ப." மேடமும் சிரித்துக்கொள்வார். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கும் சமயத்தில் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். புது ஆய்வகத்தின் சாவியைத் தரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனார்.

"உட்காருங்க மேடம். பணத்தோட ஒரு சீர்திருத்தமும் வந்திருக்கு. பிள்ளைங்க விரும்பிக் கேக்குற துறைக்குத்தான் புதுக் கட்டடம். கேக்காத துறையை மூடணுமாம். நம்ம கல்லூரியில உங்க துறைதான்..."

மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குமேல் பிரின்சிபாலின் வாய் அசைந்ததே தவிர, ஒன்றும் காதில் ஏறவில்லை. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்! ஒழுகிய நாளெல்லாம் இருந்த துறை, ஒழுகாத கூரை வந்ததும் இல்லாமல் போக வேண்டுமாம்.

எந்தத் துறையை மூடுவது என்று முடிவு செய்யும் ஆய்வுக் குழு கல்லூரிக்கு வந்த அன்று மேடம் கூப்பிடாமலே உள்ளே போய் நின்றார்.

"யாரும் கேக்கலைன்னு யார் சொன்னது? கேட்டு வந்த பொண்ணுங்க எத்தனையோ பேர். நான்தான் வேற துறைக்கு அனுப்பினேன்! வேணும்னா அவங்களையே கேட்டுப் பாருங்க."

குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கடிந்து பேசவில்லை.

"இந்தப் பாடத்தை உங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்லை. நீங்களே வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. அப்புறம் நாங்க எதை நம்பி இதுல பணம் போடுறது மேடம்?"

பளாரென்று அறை வாங்கியதுபோல் இருந்தது. நல்லது செய்வதாக நினைத்துத் தன் வீட்டுக்குத் தானே தீ வைத்திருக்கிறோம் என்பது அந்த இடத்தில்தான் அவருக்கு உறைத்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, தலைவி ஒரு வாய்ப்பு தந்தார். வரப்போகிற சேர்க்கையில் எல்லா இடமும் நிரம்பினால் துறை இருக்கும், புது ஆய்வகமும் கிடைக்கும். ஓர் இடம் காலியாக இருந்தாலும் மூடுவார்கள்.

சேர்க்கை தொடங்கியது. வழக்கமான இடத்தில் மேஜை போட்டார்கள். முதலில் வந்த பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அப்பா கட்டட வேலையில சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிடுச்சு மேடம். எனக்குக் கீழே ரெண்டு தம்பிங்க. சீக்கிரம் வேலைக்குப் போகணும். எதை எடுத்தா நல்லது?"

வணிகவியல் என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

"தாவரவியல் எடும்மா," என்றார் மேடம். "புதுக் கட்டடம், புதுக் கருவிங்க, அரசாங்கமே பணம் போடுது. வேலைக்கென்ன, தேடி வரும்."

சொல்லி முடித்ததும் திடுக்கிட்டுப் போனார். பேசியது தன் வாய்தானா? அந்தப் பெண்ணின் முகமோ மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! வேற யார் சொல்லியிருந்தாலும் யோசிச்சிருப்பேன் மேடம். எங்க பக்கத்து வீட்டு அக்காதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. நீங்க உள்ளதை உள்ளபடி சொல்வீங்களாம்."

அவள் எழுந்து சேர்க்கை அறைக்குள் போனாள். கூப்பிட வேண்டும் என்று மேடம் வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் காலில் இருந்த செருப்பு தைத்துத் தைத்துப் போட்டது.

"சொல்லும்மா," என்றார் மேடம்.