உரிந்து போன பொடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து விஞ்ஞான வாத்தியார் ஒருவர் இருந்தார். மெலிந்த ஆள், நகமெல்லாம் கறுப்பு. நிக்கலை மிக நுண்ணிய பொடியாக்கித் தகட்டில் பூசினால், கொஞ்ச மின்சாரத்திலேயே தண்ணீரிலிருந்து எரிகிற வாயு பிரியுமாம். அந்தத் தகடு போட்ட தண்ணீர்ப் போத்தலில் காதை வைத்துக் குமிழியைக் கேட்பார்.

வகுப்பறையைக் கூட்டப் போன நான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஈரத் தேயிலக் குச்சி மிலாற எரிச்சு, பொகையில நெஞ்சே போச்சுங்க சார். ஒங்க வாயு எங்க அடுப்புக்கு எப்பங்க வரும்?"

"பொடி திரும்பவும் தகட்டில இருந்து உரிஞ்சு போட்டுது, அம்மா. உங்கட காலத்தில வராது. என்ர காலத்திலயும் வராது."

"அப்ப ஏங்க சார் இன்னும் அரைக்கிறீங்க?"

அவர் அரைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். இன்றும் என் அடுப்பில் மிலாறுதான். கேத்தலில் தண்ணீர் கொதித்துக் குமிழி வந்தால் காது தானாக அங்கே போகிறது.

அவர் சொன்னது நிக்கல்தானா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.