ஒகாசான் கீரிமலையில் இறங்கிய காலை

ஆறரைக்குப் புறப்பட வேண்டிய ஓட்டோ ஏழு மணிக்கும் உரும்பிராயில் எங்கள் வீட்டுப் படலையடியிலேயே நின்றது. காரணமானவர் கிணற்றடியில் இருந்தார். கடலோரக் கீரிமலைக் கேணிக்குக் குளிக்கப் போகிறவர், அதற்கு முன்பு வீட்டுக் கிணற்றில் சவர்க்காரம் போட்டு அரைமணி நேரம் தேய்த்துக் குளிப்பதை எங்கள் ஊர் கண்டதில்லை.

"குளிக்கப் போறதுக்கு ஏன் பிள்ளை, உவ குளிக்கிறா?" என்று கேட்டார் ஓட்டோக்கார அண்ணை.

"யப்பானிலை அப்பிடித்தான் அண்ணை. ஊத்தையோடை தொட்டியிலை இறங்கப்படாது."

குளித்தவர் ஒகாசான். யப்பானிய மொழியில் 'அம்மா'. ஒகயாமாவில் படிக்கப் போன நாளிலிருந்து நான் தங்கியிருப்பது அவருடைய வீட்டில். இந்த விடுமுறைக்கு அவரையும் ஊருக்குக் கூட்டிவந்திருந்தேன்.

அந்த வீட்டில் வெளியே உடம்பைக் கழுவிவிட்டு, ஒரே தொட்டி வெந்நீரில் ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் இறங்கி ஊறுவார்கள். முதல் நாள் விருந்தாளி என்று என்னை முதலில் விட்டார்கள். நான் குளித்த தண்ணீரில் இன்னொருவர் குளிப்பதா என்று, மிகுந்த நல்லெண்ணத்தோடு அடைப்பைப் பிடுங்கி முழுவதையும் ஓடவிட்டேன். ஒதோசான், அதாவது அந்த வீட்டு அப்பா, வெறுந்தொட்டியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாளிலிருந்து முதலில் அவர், பிறகு நான், கடைசியில் ஒகாசான்.

போன குளிர்காலத்தில் ஒதோசான் இறந்துபோனார். அதன்பிறகு ஒகாசான் தொட்டியை நிரப்பவே இல்லை. அவசரமாக உடம்பைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். நான் முதலில் இறங்குகிறேன் என்றாலும், "அது அவருடைய இடம்" என்பார். நாள் முழுக்க உழைத்துவிட்டு வெந்நீரில் கிடப்பதைத் தவிர வேறு சுகம் தேடாத மனுஷி. ஒரு தடவையாவது அவரைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

போய்வர மூவாயிரம் ரூபாய். என் அம்மாவும் ஏறிக்கொண்டார். மருதனார்மடச் சந்தியில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே ஓட்டோ அகப்பட்டு நிற்க, வழிவிட்ட ஒவ்வொருவருக்கும் ஒகாசான் தலை குனிந்து நன்றி சொன்னார். வெங்காயம் விற்ற பெண்ணும் பதிலுக்குக் குனிந்தார். சுன்னாகம், தெல்லிப்பழை தாண்டி, பதினைந்து கிலோமீற்றர் போல ஓடிக் கீரிமலைக்கு வந்தபோது எட்டு மணி.

உடுப்பில்லாமலே தொட்டியில் ஊறிப் பழகிய ஒகாசான், உடுப்போடு இறங்க வேண்டும் என்றதும் திகைத்துப் போனார். அம்மாவின் நீளச்சட்டையை ஒருவழியாக அணிவித்துப் பெண்கள் கேணிக்குக் கூட்டிப்போனோம். சுவருக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் நல்ல தண்ணீர். படியில் நின்றவர் அதற்குமேல் நகரவில்லை. வருகிற பெண்களுக்கெல்லாம் கைகாட்டி வழிவிட்டார். இரண்டு பேர் ஏறினால் நாலு பேர் இறங்கினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"உவ ஏன் நிக்கிறா?" என்று தண்ணீருக்குள் நின்றபடி அம்மா கேட்டார்.

"எல்லாரும் முடிச்சாப்பிறகு இறங்குவாவாம். தனக்கு முதல் தன்ரை மனுசன் இறங்கோணும், அவர் இல்லையே எண்டு நினைக்கிறா போலை."

அம்மா தண்ணீரை விலக்கிக்கொண்டு படியருகே வந்தார். பிறகு சொன்னார்: "ஆடி அமாவாசைக்குச் சனம் இஞ்சை ஆருக்கெண்டு முழுகுது? செத்த தேப்பன்மாருக்குத்தானே. அந்த மனுசன் எப்பவோ இறங்கிட்டார் எண்டு சொல்லு."

நான் அதை யப்பானிய மொழியில் சொன்னேன். ஒகாசான் தண்ணீரை நெடுநேரம் பார்த்தார். அம்மா ஈரக்கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று கண்ணை மூடினார்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அவருக்குச் சூடு போதாது" என்றவர் சிரித்தார். பிறகு அழுதார். அம்மா அவருடைய கையை விடவில்லை.

நாங்கள் கரையேறப் பதினொரு மணியாகிவிட்டது. ஓட்டோவில் அம்மா துவாயால் அவருடைய தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்; இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. ஒரே கிணற்றில் அள்ளிக் குளித்தாலும் எங்கள் ஊரில் ஆளுக்கொரு வாளி தண்ணீர்தான். ஒரு வீடே ஒரு தண்ணீரைப் பங்கிடுவதை நான் யப்பானில்தான் பழகினேன்.

சுன்னாகம் தாண்டும்போது ஒகாசான் என் பக்கம் திரும்பினார்.

"ஒகயாமா வீட்டுக்குப் போனதும் தொட்டியை நிரப்புவோம்" என்றார். "அவருக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு நீ."