நான் எழுதாமல் வைத்திருந்த ஒரு வரி

போன வியாழக்கிழமை காலை, ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால், என் கணவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். என் போனை.

கொடுத்தேன். அதை அணைத்து, என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"ரெண்டு மணி நேரம். எனக்காக இதைத் தொறக்காம இரு, போதும்."

பித்தப்பையில் கல். பெரிய ஆபரேஷன் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் மயக்க மருந்து என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இந்த நிலைமையில் அந்த மனுஷனுக்குக் கவலை என் போனைப் பற்றி...

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லேப்டாப் பையைத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் — எங்கே போனாலும் கூடவே வரும். எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. இவர் அந்தப் பையைக் 'கடைக்குட்டி' என்பார். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், ஊருக்குப் போகும் வழியில் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் காரை நிறுத்தி, மண்பாண்டக் கடை வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பூச்சாடியின் மேல் லேப்டாப்பை வைத்து முக்கால் மணி நேரம் சர்வரோடு மல்லுக்கட்டினேன். கடைக்காரம்மா பாவம் பார்த்து ஒரு ஸ்டூல் கொடுத்தார். பிள்ளைகள் காருக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஜொகூரின் பத்து பாகாட் ஊரில் வீடு, செனாய் ஊரில் வேலை. தொழிற்சாலை பஸ்களுக்கான செயலி ஒன்றை நடத்தும் சின்ன கம்பெனி. எந்த ஷிப்டுக்கு எந்த பஸ், எந்த ஸ்டாப்பில், எத்தனை மணிக்கு — தொழிலாளர்கள் போனில் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். அந்தச் செயலி ஓடும் சர்வர்களைக் கவனிப்பது என் பொறுப்பு. சர்வர் படுத்தால் பஸ் போய்விடும். பஸ் போனால் அன்றைய வேலை போய்விடும்.

பல வருஷங்களாக, ஒரு புது சர்வரை எப்படி எழுப்புவது என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இதைத் தட்டு, அதை மாற்று, இதை நிறுத்திவிட்டு அதை ஓட விடு... முப்பது நாற்பது படிகள். நான் லீவு கேட்டால் முதலாளிக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

போன வருஷம் ரஹீமா வந்து சேர்ந்தாள். செனாய்ப் பெண், அப்பா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வந்த மாதமே சொல்லிவிட்டாள், எல்லாப் படிகளையும் கோப்புகளாக எழுதி 'கிட்'டில் போட்டுவிட வேண்டும் என்று. கிட் என்றால் என்னவோ ஏதோ என்று பயப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் தொங்கும் ஃபைல் மாதிரிதான். யார், எப்போது, எதை மாற்றினார்கள், எதற்காக — அத்தனையும் பதிவாகும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது சேரும். ஒரே வித்தியாசம், இந்த ஃபைலை இயந்திரமே படித்து, எழுதியிருக்கிறபடி ஒரு சர்வரைக் கட்டி எழுப்பிவிடும்.

நாலு மாதம் உட்கார்ந்து எழுதினோம். பிறகு, மூன்று வாரத்துக்கு முன்னால், ஒத்திகை. ஓடிக்கொண்டிருந்த சர்வரைத் தொடாமல், கோப்புகளை மட்டும் வைத்துப் புதிதாக ஒன்றை எழுப்பிப் பார்த்தோம். அழகாக எழுந்தது. ஒரே ஒரு கோளாறு — மத்தியானம் மூன்று மணி பஸ்ஸை அது காலை ஏழு மணி பஸ் என்று காட்டியது.

ரஹீமா திருதிருவென்று விழித்தாள். எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. நாங்கள் வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் உலகப் பொது நேரத்தில்தான் வரும். நம் நேரத்துக்கு அது எட்டு மணி நேரம் பின்னால். ஒவ்வொரு முறையும் நான் அதைக் கையால் மாற்றிவிடுவேன். பழகிப்போனதால் அதை ஒரு படியாகவே நான் நினைத்ததில்லை, எழுதவும் இல்லை.

இதுவரை மறதி. மன்னித்துவிடலாம். இதற்குப் பிறகு நான் செய்ததுதான்...

கையால் மாற்றிக் காட்டினேன். ஒரு நிமிஷ வேலை. அலுவலகமே என்னை வியந்து பார்த்தது. கோப்பில் நானே எழுதிவிடுகிறேன் என்றேன். எழுதவில்லை. அந்த ஒரு லைன் என்ன ஆச்சு என்று ரஹீமா இரண்டு முறை கேட்டாள். பிஸி என்றேன். அவளே எழுதியிருக்கலாம், ஆனால் அக்கா எழுதுகிறேன் என்று சொன்ன பிறகு கை வைக்கக் கூடாது என்று மரியாதைக்கு விட்டுவிட்டாள்.

பிஸியெல்லாம் ஒன்றுமில்லை. பயம். எல்லாமே கோப்புக்குள் போய்விட்டால் அப்புறம் நான் எதற்கு? அந்த ஒரு வரி என்னிடம் இருக்கும்வரை என்னைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? லீவே கிடைப்பதில்லை என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் புலம்பியிருக்கிறேன்! அந்தப் புலம்பலில் பாதி பெருமை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் இவரை ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டு நர்ஸ், தமிழ் மிஸ்ஸி ஒருவர், ஃபார்மோடு வந்து கேள்விகளை அடுக்கினார். மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? இல்லை என்றார் இவர். நானும் தலையாட்டினேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வலி ஊசி போட்டு இவருக்கு முகமெல்லாம் வீங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்த கிளினிக்குக்குப் போனாலும் அந்த ஊசி வேண்டாம் என்று நான்தான் வாயால் சொல்வேன். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. மருந்தின் பெயர்கூட என் தலைக்குள்தான்.

அவசரமாகச் சொன்னேன். மிஸ்ஸி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு இவரு மயக்கத்துல இருப்பாரு. நீங்க வெளிய உக்காந்திருப்பீங்க. எழுதலைன்னா உள்ள இருக்கறவங்களுக்கு யாரு சொல்வாங்க, அக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை. மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, இவர் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டையும் கட்டிவிட்டுப் போனார். அந்தப் பட்டையைப் பார்த்தபோதுதான் ரஹீமா இரண்டு முறை கேட்ட அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது.

வார்டுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடைக்குட்டியைத் திறந்தேன். நேரத்துக்கான அந்த ஒரு வரியை எழுதினேன். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கிட் கேட்கும். 'மறந்துவிட்டேன்' என்று தட்டினேன். அழித்தேன். 'மூன்று வாரத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்' என்று தட்டினேன். ஐந்து நிமிஷத்தில் ரஹீமாவின் ஒப்புதல் வந்தது. கூடவே "நன்றிக்கா" என்று ஒரு செய்தி. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கவில்லை. அவளுக்கு எப்போதோ புரிந்திருக்கும்.

மறுநாள், நான் சொன்ன அந்த வியாழக்கிழமை. அணைத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். அழுதுவிட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று போனைத் திறந்தேன்.

ரஹீமாவிடமிருந்து பதினோரு செய்திகள்.

மேலிருந்து படித்தேன். முதல் செய்தி, சர்வர் படுத்துவிட்டது என்று. மத்தியான ஷிப்டுக்காரர்கள் பஸ் பார்க்கும் நேரம்! இரண்டாவது, நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் இடத்திலேயே கோளாறு, இப்போதைக்குச் சரியாகாது. மூன்றாவது, வேறு இடத்தில் கோப்புகளை வைத்துப் புதிதாக எழுப்புகிறேன். நாலு, ஐந்து, ஆறு... எது எழுந்தது, எது பாக்கி என்று வரிசையாக. பத்தாவது: "மூணு மணி பஸ்ஸு மூணு மணின்னே காட்டுதுக்கா." பதினொன்றாவது: "எல்லாம் ஓடுது. கால் பண்ணாதீங்க. அண்ணன் எப்படி இருக்காரு?"

முதல் செய்திக்கும் கடைசிச் செய்திக்கும் நடுவில் நாற்பது நிமிஷம். பதினொன்றில் ஒன்றுகூட என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... இத்தனை வருஷமாகத் தோளில் தொங்கிய பையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் இவருக்கு நன்றாக நினைவு திரும்பியது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கடைக்குட்டி எப்படி இருக்கு?"

"படுத்துச்சு. அவங்களே எழுப்பிட்டாங்க. என்னைக் கூப்பிடவே இல்ல."

"அலமாக், அடடா... அப்ப இனிமே உனக்கு என்ன வேல?"

மூன்று வாரமாக நான் யாரிடமும் கேட்கப் பயந்த கேள்வி. மயக்கம் தெளியாத மனுஷன் கேட்கும்போது சிரிப்புத்தான் வந்தது. லேப்டாப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். இவருக்கு ஆகாத ஊசி, தினமும் சாப்பிடுகிற மாத்திரைகள், பார்க்கிற டாக்டர், வீட்டில் ஃபைல் இருக்கும் அலமாரி... எல்லாவற்றையும் எழுதி, போட்டோ எடுத்து, பிள்ளைகள் இருவருக்கும் அனுப்பினேன்.

இந்த முறை ஒரு வரியைக்கூட எனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.