மகளின் குளியலறைக்கு வந்த ஃப்ளெக்ஸ்

தாராவியில் எங்கள் பழைய ரூமில் குளியலறை என்று தனியாக ஒன்று கிடையாது. மோரிதான். அறையின் மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கும். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும் அந்த மூலைதான். என் மகள் ஏழு வயது வரைக்கும் அங்கேதான் குளித்தாள். பக்கத்தில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன். வாசலில் நாலு பெண்கள் தண்ணீர் பிடித்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். இவள் தலையில் சோப்பு நுரையோடு உட்கார்ந்துகொண்டு அவர்கள் கதையில் திருத்தம் சொல்வாள்.

போன வருடம் சுனாபட்டியில் ஆறாவது மாடிக்குக் குடிவந்தோம். கதவும் தாழ்ப்பாளும் வெள்ளை டைல்ஸும் வைத்த குளியலறை. ஒன்பது வருடம் நான் காத்திருந்தது அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான். முதல் நாள் உள்ளே போய் அதைப் போட்டும் திறந்தும் பத்துத் தடவை பார்த்தேன். மகள் ஒருதடவை எட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று திரும்பிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அழுகை. கதவைச் சாத்தக் கூடாது. நான் வாசலிலேயே நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு மணிக்குத் தையல் கார்கானாவில் இருக்க வேண்டியவள் எத்தனை நாள் குளியலறையைப் பார்த்துச் சொற்பொழிவு ஆற்றுவது? ஒருநாள் கத்திவிட்டேன். ஈரத் தலையோடு நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "நாம பழைய ரூமுக்கே போயிருவோம்மா."

பிள்ளைக்காக வந்த வீடு பிள்ளைக்கே ஆகவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

"அழகு பண்ணிட்டா சரியாப் போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

முதல் அழகு காட்கோபர் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய மீன் ஸ்டிக்கர். மூன்றாம் நாள் வெந்நீர் ஆவிக்கு மீன்கள் ஒவ்வொன்றாக உரிந்து, தண்ணீர் போகிற ஓட்டையின் ஜாலி மூடியை அடைத்து, ஹால் வரைக்கும் வெள்ளம். "மீனுன்னா நீந்தத்தானே செய்யும்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைத்தது நான்.

அவருக்கு ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஆள். ஒரு சனிக்கிழமை பெரிய சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்.

"இந்தா, ஃபுகட்ல கெடச்சது. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது."

விரித்துப் பார்த்தேன். ஏதோ மகளிர் மண்டலத்தின் மஞ்சள் குங்கும விழாவுக்கு அடித்த பேனர். வட்டத்துக்கு ஒரு முகமாக இருபது பெண்கள், எல்லோர் மூக்கிலும் பெரிய நத்து. மெஷினில் கலர் மாறி இருபது முகமும் பாசி பிடித்த பச்சை. முதலாளி எறியச் சொன்னதைத்தான் இவர் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

"இதையா பிள்ளை குளிக்கிற எடத்துல மாட்டப் போறீங்க?"

"ஏட்டி, பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு. அதுல நான் கடல் வரையுதேன். டென்ஷன் எடுக்காத."

ஞாயிறு முழுக்க வரைந்தார். ஒரு கப்பல், இரண்டு திமிங்கலம், ஒரு ஆக்டோபஸ். எட்டாவது கைக்குப் பெயிண்ட் பத்தவில்லை. சாயங்காலம் ஜன்னல் சுவரை மறைத்துத் திரைபோல மேலிருந்து தொங்கவிட்டார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. வாயைத் திறந்து பாராட்டிவிட்டேன், அதுதான் என் தப்பு.

திங்கட்கிழமை காலை மகள் உள்ளே போன வேகத்தில் வெளியே ஓடிவந்தாள். "எம்மா! உள்ள பொம்பளைங்க நிக்காங்க!"

தோசைக் கரண்டியோடு ஓடினேன். அந்த ஜன்னல் கிழக்குப் பார்த்தது. பின்னாலிருந்து வெயில் அடிக்க, ஜன்னல் அகலத்துக்கு ஆறு பச்சைப் பெண்கள் கடலுக்குள்ளிருந்து பளிச்சென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக்டோபஸ் இரண்டு பேர் தோளில் கைபோட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பாதிச் சவரத்தோடு வந்து நின்ற வீட்டுக்காரர், "வெளிச்சம் ஊடுருவும்னு நெனைக்கலியே" என்றார்.

"இருவது வருசமா ஃப்ளெக்ஸ் கடையில என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

கிழித்து எறிந்துவிட ஸ்டூலில் ஏறினேன். மகள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். பயம் போய் ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்மா. இது மாவு மில்லு அத்தை மாதிரி இல்ல? அதான், பழைய ரூம்ல குழாயடியில சண்டை போடுவாங்கள்லா, அந்த அத்தை."

என்னைக் கீழே இறக்கி வெளியே தள்ளிவிட்டு அவளே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம், கூடவே பேச்சு. ஸ்கூலில் யார் யாரை அடித்தது என்று தமிழில் சொன்னாள். "அச்சா? ஃபிர்?" அப்புறம் என்ன ஆச்சு என்று அத்தைகளின் குரலில் தானே இந்தியில் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு அத்தையை இன்னொரு அத்தை திட்டினாள். இவள் சமாதானம் செய்துவைத்தாள்.

"ஏட்டி, நேரமாச்சு" என்று கதவைத் தட்டினேன்.

"கொஞ்சம் இரும்மா. நாங்க பேசிட்டு இருக்கோம்."

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. இனி அழுகை கிடையாது, கார்கானாவுக்கும் நேரத்தோடு போய்விடலாம். துண்டைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். எங்கள் மாடியில் எட்டு வீடு, எட்டுக் கதவும் எப்போதும் சாத்தியே இருக்கும். வந்து அப்போது மூன்று மாதமாகியும் இன்றைக்கு என்ன குழம்பு என்று ஒருத்தி என்னைக் கேட்டதில்லை. உள்ளே அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பழைய ரூமுக்கே போய்விடலாமா என்று அன்றைக்கு எனக்குத்தான் இருந்தது.