என் கொத்சு நடித்த படம்

இன்று மதியம் சிதம்பரத்தில் எங்கள் வீட்டு டிவி முன்னால் இருந்தவர்கள் நான், மகள் செல்வி, மருமகன் பாஸ்கர், பக்கத்து வீட்டு மேரி டீச்சர்.

பிச்சாவரத்தில் எடுத்த, ஹீரோ படகில் வாந்தியெடுக்கும் ஒரு படம் இப்போது வீட்டில் போட்டுப் பார்க்க டிஸ்க்காக வந்திருக்கிறது. தியேட்டரில் ஓடாத படத்துக்கு இப்போது ஊரெல்லாம் ரசிகர்களாம். மருமகன்தான் அந்தப் படத்துக்குத் தயாரிப்பு மேனேஜர். அப்போது ஷூட்டிங்கில் எல்லோரும் சாப்பிட ஒரு அண்டா கத்திரிக்காய் கொத்சு செய்து அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

படம் முடிந்ததும், எடுத்த விதத்தைக் காட்டினார்கள். படகில் ஹீரோ வாந்தியெடுக்கும் இடம் வந்தது. டைரக்டர் சிரிக்கிறார்.

"அது நெஜ வாந்தி இல்லிங்க. சிதம்பரத்துலேர்ந்து வந்த கொத்சு. கலரு அப்புடியே பொருந்திடுச்சி."

மேரி டீச்சர் மெதுவாகக் கேட்டார். "ஒங்க வீட்டு கொத்சா, அக்கா?"

நான் மருமகனைப் பார்த்தேன். "அண்டாவ வழிச்சி நக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே மாப்ள?"

"காலியாயிடுச்சின்னுதான் அத்தை சொன்னேன். அது பொய்யில்லியே."

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சினிமாக்காரர்கள் அண்டாவை நக்கிய கதையைச் சேத்தியாத்தோப்பு வரைக்கும் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். இனி எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவது?

என் கொத்சைச் சாப்பிட்டவர்கள் கீழே கமெண்ட்டில் உண்மையைச் சொல்லுங்கள். டைரக்டரை மன்னித்துவிட்டேன், அவர் அதை ருசி பார்த்ததே இல்லை. வாராவாரம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவரைத்தான் மன்னிக்க மாட்டேன். பாஸ்கர் மாப்பிள்ளை, உங்களைத்தான்.