தனி மேசையில் ஒரு வட்டிலப்பம்

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவர்களுக்கு வருடத்தில் படிப்பிக்கிற நாள்களைவிடக் கொண்டாடுகிற நாள்கள்தான் கூட. நீர் தினம், கைகழுவும் தினம், மரம் நடும் தினம், முதியோர் தினம் என்று ஒன்று முடியுமுன் அடுத்தது வாசலில் வந்து நிற்கும். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் கிறேப் பேப்பர் ஒட்டி ஒட்டி விரல் சிவந்தவர்கள்தானே. கொக்குவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் எங்களுடையது. இந்த வருடம் பல்பண்பாட்டு விழா என் தலையில் விழுந்தது.

வேசம் பங்கிட்டது

பண்பாடுகளை நாங்கள் நிறத்தையும் உயரத்தையும் பார்த்துத்தான் பங்கிடுவோம். வெள்ளையாக இருக்கிற பிள்ளை பறங்கி. ஓரிடத்தில் நில்லாமல் துள்ளுகிறவன் கண்டி நடனம் ஆடுகிற சிங்களவன். மைக்கைக் கண்டால் விடாத கவின் முஸ்லிம். அவனுக்குத் தொப்பி, சாரம், கண்மையால் ஒரு தாடி. அரை மணித்தியாலத்தில் நாட்டின் எல்லா இனங்களையும் முடித்துவிட்டு, சாந்தி ரீச்சரும் நானும் எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அப்போது கடைசி வாங்கிலிருந்து றிஸ்னா கையை உயர்த்தினாள். தரம் நாலு. பள்ளிக்கூடத்திலேயே ஒரே முஸ்லிம் பிள்ளை. பட்டினத்தில் முஸ்லிம் பள்ளிக்கூடம் இருக்க, "எல்லாரோடையும் பழகி வளரட்டும் ரீச்சர்" என்று தாயார் எங்களை நம்பிக் கொண்டுவந்து சேர்த்த பிள்ளை. மற்றவர்களைப் போலவே வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல். காலைத் தேவாரத்துக்கும் எல்லாரோடும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். தினமும் இடாப்பில் அவள் பெயரைக் கூப்பிடுகிறவள் நான். ஆனாலும் அந்த அரை மணித்தியாலமும் அவள் என் நினைவிலேயே வரவில்லை. அவள் கோபத்தில் கேட்கவில்லை, அறிய விரும்பித்தான் கேட்டாள்.

"கவின் நாங்களாய் வந்தா, நான் ஆராய் வாறது ரீச்சர்?"

தொப்பி

அந்த இடத்திலேயே மாற்றியிருக்கலாம். மாற்றினால் கவின் அழுவான், கவின் அழுதால் தாயார் வருவார். றிஸ்னா அழமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, வாசலில் பன்னீர் தெளிக்க விடுவதாக முடிவு செய்தேன். அழாத பிள்ளைக்கு எது மிஞ்சும் என்று உங்களுக்கும் தெரியும்.

கவினின் தாயார் அப்படியும் வந்தார். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் றிஸ்னா வெறும் பன்னீர்ச் செம்பை ஆட்டி ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். தாயார் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், ஆனால் போதுமான அளவு தாழ்த்தவில்லை: "தொப்பியைப் போட்டு நடிக்கட்டும் ரீச்சர், நான் ஒண்டும் சொல்லேல்லை. படத்தை மட்டும் பேஸ்புக்கிலை போட்டிடாதேங்கோ. எங்கடை சொந்தக்காரர் என்ன நினைப்பினம்?"

வெள்ளிக்கிழமை

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரிக்கு வெள்ளிக்கிழமைதான் வசதி என்றார்கள். விழாவும் வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாப்பாடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். றிஸ்னாவின் தாயார் அன்று பின்னேரமே போன் எடுத்தார். வாப்பா ஜும்மாவுக்குப் போகவேண்டும், விழாவுக்கு வர ஏலாது, தான் மட்டும் வருவதாகச் சொன்னார். "அப்பிடியோ" என்றேன்.

பிறகு தங்கள் பெருநாள் இனிப்பைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வட்டிலப்பம் செய்யட்டோ ரீச்சர்? அதுக்கு முட்டை போடுறது. உங்களுக்கு வெள்ளிக்கிழமை, பரவாயில்லையோ?" எங்கள் வெள்ளிக்கிழமையை அவர் யோசித்தார். அவருடைய வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகமே இல்லை. நான் பெருந்தன்மையோடு சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடிக்கத் தோன்றுகிறது: "நீங்கள் கொண்டு வாங்கோ, இஞ்சை ஆர் அதெல்லாம் பாக்கப்போகினம்!"

நோன்பு

விழாவன்று வாசலில் பன்னீர் தெளித்த றிஸ்னாவின் கன்னத்தைத் தட்டி, "சரியான யாழ்ப்பாணத்துப் பிள்ளை" என்று அதிகாரி சிரித்தார். அதில் பிழையில்லை, அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். பிறகு மேடையில் பேசி இறங்கிய கவினை நிறுத்தி, "தம்பி, வீட்டிலை நோன்பெல்லாம் பிடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார். தாடி வியர்வையில் கரைந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருக்க, கவின் நிமிர்ந்து நின்று பதில் சொன்னான்.

"ஓம் சேர். கந்தசட்டிக்கு அம்மா ஆறு நாளும் பிடிக்கிறவ."

ஒரே மேசை

மண்டபத்தின் நடுவே நீள மேசை. மோதகம், வடை, சுண்டல், சிங்களப் பலகாரமென்று கடையில் வாங்கிய கொக்கிஸ். றிஸ்னாவின் தாயார் வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து அதில்தான் வைத்தார். சாந்தி ரீச்சர் மூடியைத் திறந்து பார்த்து, "முட்டையோ?" என்று கேட்டார். கெட்ட மனுசி இல்லை. ஆனால் பாத்திரத்தை அலுங்காமல் தூக்கிக்கொண்டுபோய், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகக் கிடந்த ஒரு சின்ன மேசையில் வைத்து, 'முட்டை சேர்ந்தது' என்று ஒரு துண்டும் ஒட்டிவிட்டார். தாயார் பாத்திரத்துக்குப் பின்னாலேயே போய், கரண்டியோடு அதன் பக்கத்தில் நின்றார்.

பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள், தாய்மார் இழுத்துக்கொண்டு போனார்கள். என்னைக் கண்டதும் றிஸ்னாவின் தாயார் முகம் மலர்ந்து, ஒரு சின்னக் கோப்பையில் போட்டு நீட்டினார். முஸ்லிம் கலியாண வீடுகளில் வட்டிலப்பத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்கிறவள் நான். "இண்டைக்கு வெள்ளியெல்லே" என்றேன். வெள்ளியில் முட்டை தின்னக்கூடாது என்பதைவிட, எல்லாரும் பார்க்கத் தின்னக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பட்டுப்பாவாடையோடு தாயின் பக்கத்தில் நின்ற றிஸ்னா என்னையே பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மைக்கில் அதிகாரியின் குரல் கேட்டது: "எல்லா இனத்தின்ரை சாப்பாடும் ஒரே மேசையிலை இருக்கிறதைப் பாக்க மனம் நிறையுது!"

திங்கட்கிழமை

சனியும் ஞாயிறும் எனக்கு நித்திரை சரியில்லை. திங்கட்கிழமை றிஸ்னாவின் தாயார் வந்து, பிள்ளையை விலக்கிக்கொள்ள விடுகைப் பத்திரம் கேட்பார் என்று பயந்தேன். வகுப்புக்குள் நுழைந்ததும் இடாப்பைத் திறக்குமுன் கடைசி வாங்கைத்தான் பார்த்தேன். றிஸ்னா இருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

இடைவேளையில் கூப்பிட்டு, "உம்மாவுக்கு எங்களோடை கோவமோ பிள்ளை?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதானோ என்னவோ, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னாள்.

"அடுத்த வரியம் உம்மா உழுந்து வடை சுட்டுத் தாறாவாம் ரீச்சர். அப்ப எல்லாரும் சாப்பிடுவினம்தானே?"

விழா அறிக்கையில் 'நோக்கம் முழுமையாக நிறைவேறியது' என்று எழுதி, எது நிறைவேறியது என்று வலயத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் கையெழுத்தும் வைத்தேன்.